பேச்சிமுத்து தின்ற கீரை

ஜூன் 3

இன்றைக்கும் கீரை. மத்தியானம் தண்டுக்கீரைக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல். அது போதாதென்று சாயந்திரம் தோசை மாவுக்குள் சிறுகீரையை நறுக்கிப் போட்டு ஒளித்து வைத்திருந்தாள் பகவதி. முப்பத்தாறு வருஷம் எனக்குச் சமைத்துப் போட்ட பெண்டாட்டிக்கு, எனக்குக் கீரை தொண்டையில் இறங்காது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் செய்கிறாள்.

மார்ச் மாதம் மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து இந்தக் கூத்து. யாரோ ஒரு சத்துணவு நிபுணர் பேசினாராம். நம் கண்ணின் பின்சுவரில் நட்டநடுவே மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறதாம். எழுத்துத் தெரிவது, முகம் தெரிவது, நூல் கோப்பது எல்லாம் அந்தப் புள்ளியால்தானாம். அந்த மஞ்சளை உடம்பு தானாகச் செய்யாதாம். கீரை, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள்கரு இவற்றைத் தின்றால்தான் போய்ச் சேருமாம். லூட்டீன் என்று ஒன்று, ஜியாக்சாந்தின் என்று இன்னொன்று. இரண்டாவது பெயரைச் சொல்லும்போது அவளுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. ஆனாலும் விடுவதில்லை.

"கீரை பச்சையால்லா இருக்கு, மஞ்சள் எங்கேயிருந்துட்டி வரும்?" என்று கேட்டேன்.

"மஞ்சளும் உள்ளதான் இருக்குங்க. பச்சை மேல மூடிக்கிட்டதால நமக்குத் தெரியல" என்றாள்.

பதில் தயாராக வைத்திருக்கிறாள். பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருஷம் வரைவாளராக இருந்தவன் நான். எத்தனை மதகு, எத்தனை பாலம், அத்தனைக்கும் இந்தக் கண் பார்த்து இந்தக் கை போட்ட கோடு. இந்தக் கண்ணுக்கு வைத்தியம் சொல்ல மகளிர் சங்கத்துக்கு என்ன யோக்கியதை?

தினம் நாலு தடவை கேட்கிறாள், "கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று. போன வாரம் காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன், அதற்குத்தான் இத்தனை விசாரணை. அடுக்களை பல்பு மங்கிக் கிடக்கிறது. அதை மாற்றச் சொல்லி யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஜூன் 5

வீட்டின் முன்பக்கம் கட்டிய புது ஹாலுக்கு டைல்ஸ் போட ஆள் வந்துவிட்டான். பேச்சிமுத்து என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எதிர் மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியம் விசாரித்துப் பிடித்த ஆள். "முதல்ல உங்க ஹால்ல போடட்டும். கைவேலையைப் பாத்துக்கிட்டு என் வீடு முழுசையும் அவன்கிட்டயே விட்டுருதேன்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாடி. நல்ல வேலைதான் அவனுக்கு.

வந்ததும் நூலைக் கட்டினான், ரசமட்டம் வைத்தான், மூலைமட்டம் வைத்தான். பேச்சில்லை. எனக்குப் பிடித்தது.

இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. மத்தியானம் "வேலையைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுதேன்" என்று தட்டை ஹாலுக்கு எடுத்துப் போனேன். அவன் தூக்குவாளியில் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் தட்டிலிருந்த கீரையை அப்படியே அவன் பக்கம் தள்ளினேன். "அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லி வைத்தேன். ஒரு இலை மிச்சம் வைக்காமல் தின்றான். மார்ச்சிலிருந்து நான் கொல்லைப் பக்கம் காக்கைக்கு வைத்துப் பார்த்தேன், காக்கை கூடத் தொடவில்லை. இவன் தின்கிறான். உழைக்கிறவன் தின்னட்டும், நல்லதுதானே.

ஜூன் 9

இன்று அவித்த முட்டை இரண்டு, மஞ்சள் பூசணிப் பொரியல், அரைக்கீரைக் கடைசல். வெள்ளைக்கரு எனக்கு, மற்றதெல்லாம் பேச்சிமுத்துவுக்கு. காலித் தட்டைப் பார்த்துப் பகவதிக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 12

ஏமாந்தேன். நல்ல கொத்தனார் என்று நம்பி நன்றாக ஏமாந்தேன்.

ஹாலில் பாதி முடிந்துவிட்டது. வாசற்படியில் குத்தவைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கோட்டின் ஓட்டம் பார்த்தேன். அலுவலகத்தில் எந்தக் கோட்டையும் நான் அப்படித்தான் சரிபார்ப்பேன். நடுக்கோடு போகப் போக இடப்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது! பிள்ளைத்தாய்ச்சி மாதிரி! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"பேச்சிமுத்து! என்னப்பா கோடு போட்டிருக்கே? வளைஞ்சி கிடக்கு!"

அவன் எழுந்து வந்து பார்த்தான். நூலைப் பிடித்துப் பார்த்தான். "நேராத்தான சார் இருக்கு" என்றான்.

"எனக்குக் கோடு சொல்லிக் கொடுக்கியா?" என்றேன்.

பெயர்க்கச் சொன்னேன். பெயர்த்தான். நாலு டைல்ஸ் உடைந்தது.

ஜூன் 16

மறுபடியும் அதே வளைவு. அதே இடத்தில்.

இந்தத் தடவை நூலோடு சேர்த்துப் பார்த்தேன். நூலும் வளைந்திருக்கிறது. நூலைத் தொய்வாகக் கட்டியிருக்கிறான் என்று பிடித்துச் சுண்டினேன். வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று நின்றது. ஆனாலும் பார்த்தால் வளைவு. நைலான் நூலெல்லாம் இப்போது அப்படித்தான் வருகிறது போலிருக்கிறது. எதில்தான் தரம் இருக்கிறது இந்தக் காலத்தில்? இதையும் பெயர்க்கச் சொன்னேன்.

ஜூன் 17

பகவதி அம்பாசமுத்திரம் போய்விட்டாள். அவள் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன், மூன்று வாரம் கூட இருக்க வேண்டும். போகிற போக்கில் கண் ஆஸ்பத்திரியில் 24ஆம் தேதிக்கு எனக்கு நேரம் வாங்கி, சீட்டைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? நான் என்ன பச்சைப் பிள்ளையா?

பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தினம் கீரையும் முட்டையும் இருக்க வேண்டும் என்று கட்டளை. வரட்டும். தின்னத்தான் ஆள் இருக்கிறானே.

ஜூன் 19

இன்று நானே களத்தில் இறங்கினேன். சாக்பீஸை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து, வலது கண்ணால் பார்த்துப் பார்த்து அவனையே புள்ளி வைக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் ஒரு நூல், அங்கேதான், வை. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டோம். கோடென்றால் அது கோடு.

பேச்சிமுத்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், இதுல போட்டா நடுவுல ஒரு விரக்கடை விலகிரும். இடுக்கு ஒரு பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்" என்றான்.

"போடுன்னா போடு."

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து குத்தவைத்தான். "சார், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தக் கண்ண மூடிட்டு, மறு கண்ணால ஒருக்கா பாருங்க."

எனக்கு வந்ததே கோபம்! நேற்றுக் கரண்டி பிடித்தவன் என் கண்ணைச் சோதிக்கிறான்! "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் அதைத் தொட்டது கிடையாது சார். எங்கப்பன் அதுலதான் போனான்" என்றான். பிறகு, "நீங்க சொல்லுதீங்க, போடுதேன். என் மனசு இல்லாமதான் போடுதேன்" என்று பேஸ்ட்டைக் குழைக்கப் போய்விட்டான்.

மத்தியானம் கீரையைத் தள்ளினேன். முதலில் தொடவில்லை. "அம்மா சொல்லிவிட்ட சாப்பாடுப்பா, வீணாக்காதே" என்றேன். அதற்குப் பிறகு தின்றான்.

ஜூன் 24

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பகவதி போன் பண்ணினாள். "போயிட்டு வந்தாச்சு. வயசுக்கு ஏத்த கண்ணுதான், ஒண்ணும் பயமில்லைன்னுட்டாங்க" என்றேன். "கீரை வேலை செய்யுது பாத்தீங்களா!" என்று போனிலேயே அழுதுவிட்டாள். இதற்கெல்லாம் யாராவது அழுவார்களா?

ஜூன் 27

தரை முடிந்தது. பேச்சிமுத்து சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது தரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வாசற்படியில் உட்கார்ந்து வலது கண்ணால் பார்த்தேன். வரைபலகையில் போட்ட கோடு போல் கிடக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நடக்கும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது. புதுத் தரையின் பளபளப்பு.

ஜூலை 1

ஞானதிரவியம் வந்தார். ஹாலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். தரையை நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கொத்தனாரா போட்டான்?" என்றார்.

"அவன்தான். ரெண்டு தடவை பெயர்க்க வேண்டியதாப் போச்சு. நான் கூட நின்னு போட வச்சேன். குடிப்பான்னு நினைக்கேன், கவனமா இருங்க" என்றேன்.

"நல்ல வேளை, சொன்னீங்க" என்று காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜூலை 3

ஞானதிரவியம் வீட்டு வேலை தூத்துக்குடி ஆட்களுக்குப் போய்விட்டதாம். பால்காரர் சொன்னார். பேச்சிமுத்து நேற்று அவர் வாசலில் வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனானாம்.

ஜூலை 4

பேப்பர்காரனுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். என்ன அச்சு இது? வழக்கம்போல் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால், நேராகப் பார்க்கிற எழுத்து மட்டும் அழிந்து கிடக்கிறது, ஓரத்து எழுத்தெல்லாம் இருக்கிறது. நடுவில் மை தீர்ந்துவிட்டதா? "வேற யாரும் சொல்லலையே சார்" என்கிறான். அவரவர் பொறுத்துக்கொண்டு போனால் யார்தான் சொல்வார்கள்!

ஜூலை 6

பகவதி வந்துவிட்டாள். பையை இறக்கி வைக்காமலே ஹாலைப் பார்த்தாள்.

"ஏங்க, யாரு இப்படிப் போட்டது?"

"நான் கூட நின்னு போட வச்சேன். பாரு, நூல் பிடிச்ச மாதிரி!"

அவள் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு இது நேராவாங்க தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் இடது கண்ணை மூடிக் காட்டினேன், இப்படிப் பாரு என்று. அவள் பார்க்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள் செய்கிற காரியமா இது?

ஜூலை 7

ஆஸ்பத்திரி. அவள் பிடித்த பிடியில் போக வேண்டியதாயிற்று.

முதல் அவமானம் சீட்டுப் போடுகிற இடத்திலேயே. "புதுப் பதிவா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "போன மாசம் 24ஆம் தேதி வந்திருக்காங்களே, பாருங்க" என்றாள் பகவதி. அந்தப் பெண் தேடினாள், மறுபடியும் தேடினாள். "அந்தத் தேதியில இவங்க வரலை அம்மா." பகவதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

டாக்டர் பெயர் மும்தாஜ். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டினார். நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியையே பார்க்கச் சொன்னார். "சுத்தியிருக்கிற கோடெல்லாம் நேரா இருக்கா சார்?"

"எங்கே இருக்கு? நடுவுல எல்லாம் வளைஞ்சி கிடக்கு. உங்க அச்சு சரியில்ல டாக்டர். வேற நல்ல அட்டை இருந்தாக் குடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்ப வலது கண்ணைப் பொத்துங்க. அதே அட்டை."

அத்தனை கோடும் நேராக இருந்தது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது. கண்ணில் ஊற்றிய மருந்தால் கூசுகிறது.

ஜூலை 8

டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். வலது கண்ணில் அந்த மஞ்சள் புள்ளிக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது. அதனால் புள்ளி மேடு தட்டிவிட்டது. அதனால்தான் நேர்கோடு வளைகிறது. வயதானவர்களுக்கு வருகிற வியாதி. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாக மூன்று மாதம், பிறகு பார்த்துச் சொல்வாராம். போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் ஊசி. "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். விட்டுப் பத்து வருஷம் ஆகிறது என்றேன். "பிடிச்சது எத்தனை வருஷம்?" என்றார்.

பகவதிதான் கேட்டாள். "மார்ச்சுல இருந்து தவறாம கீரை, முட்டை, பூசணி எல்லாம் குடுக்கேனே டாக்டர். அப்புறமும் எப்படி வந்துச்சு?"

"நல்ல காரியம்தான் அம்மா செஞ்சிருக்கீங்க. அந்தச் சத்து உள்ளே படியறது கண்ணுக்குப் பாதுகாப்பு. கூசுற வெளிச்சத்தை அது வடிகட்டும். ஆனா வருஷக்கணக்கா சேர வேண்டியது, நாலு மாசத்துல ஆகிறதில்லை. கசிய ஆரம்பிச்ச குழாயைக் கீரை அடைக்காது. நல்லாச் சாப்பிட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம். ஆனா கோடு வளையுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும்."

"கீரை குடுத்தா சரியாப் போயிரும்னு நான்தான் இத்தனை நாள் சும்மா இருந்துட்டேன்" என்று பகவதி அந்த இடத்திலேயே அழுதாள்.

அவள் பேரில் என்ன தப்பு? கோடு வளைந்து தெரிந்தது ஜூன் 12. இந்த டைரியில் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாதம் ஆகப் போகிறது. கீரையை நான் தின்னவே இல்லை என்று அப்போதும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 10

ஊசி போட்டாயிற்று. வலியைவிட, ஊசி கண்ணை நோக்கி வருவதுதான் கொடுமை.

ஜூலை 12

பகவதி குளிக்கப் போனபோது வாசற்படியில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தேன்.

அசிங்கம். வேறு வார்த்தை இல்லை. நடுக்கோடு பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி போகிறது. இடுக்கு ஓரிடத்தில் மயிரிழை, ஓரிடத்தில் சுண்டுவிரல் நுழைகிற அகலம். என் கீழே இருந்த பையன் இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் தாளைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன். ஞானதிரவியம் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இதைப் போட்டது பேச்சிமுத்து என்று சொன்னேன். குடிப்பான் என்றும் சொன்னேன்.

ஜூலை 13

பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காக்கைக்கு வைத்தது, பேச்சிமுத்துவுக்குத் தள்ளியது, ஞானதிரவியத்திடம் சொன்னது எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாலு மாசம் நான் யாருக்குங்க சமைச்சேன்? உக்காந்து ஒவ்வொரு இலையா ஆஞ்சேனே, யாருக்கு? வெறுந்தட்டைக் கொண்டுவந்து காட்டினீங்களே, கூசலையா உங்களுக்கு? 'கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க'ன்னு போன்ல சொன்னீங்க. எங்க அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்! எம் மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாம்லா? என்னை எதுக்கு முட்டாளாக்கினீங்க?"

"கீரை எனக்குப் பிடிக்காதுன்னு உனக்கே..."

"வாயை மூடுங்க!"

முப்பத்தாறு வருஷத்தில் என்னை அவள் அப்படிச் சொன்னதில்லை. மூடிக்கொண்டேன்.

ஜூலை 14

சோறும் ரசமும் மட்டும் வைத்தாள். "கீரை?" என்றேன். "வேணும்னா வாங்கிட்டு வந்து, ஆஞ்சு, நீங்களே வதக்கித் தின்னுங்க. எண்ணெய் விட்டு வதக்கணும், அப்பதான் அந்த மஞ்சள் உடம்புல ஒட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 16

ஒரு கட்டு முருங்கைக்கீரை உருவ ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இதைத் தினமும் செய்திருக்கிறாள்.

உப்பு அதிகம். தின்றேன்.

ஜூலை 21

பேச்சிமுத்துவைக் கண்டுபிடித்துவிட்டேன். களக்காடு போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு டைல்ஸ் பதிக்கிறாராம். "நீயும் கூட வாயேன்" என்று பகவதியைக் கூப்பிட்டேன். "தனியாப் போங்க. நான் வந்தா, என் முகத்துக்காக உங்களைச் சும்மா விட்டுருவாரு" என்றாள்.

ஜூலை 22

போனேன். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"குடிகாரன்னு சொன்னீங்களாமே சார்."

"சொன்னேன்."

"நான் தொட்டது கிடையாதுன்னு உங்ககிட்ட சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

"அதுக்குப் பிறகும் போய்ச் சொல்லியிருக்கீங்க. எங்கப்பன் விழுந்து கிடந்த தெருவுல தலைகுனிஞ்சி நடந்து வளந்தவன் சார் நான். பதினெட்டு வயசுல கரண்டியைப் பிடிச்சேன். எந்த வீட்டுலயும் ஒருத்தன் என்னை அந்த வார்த்தை சொன்னதில்ல. மூணு மாடி வேலை போனது கூடப் பெருசில்ல. அந்த ஹெட்மாஸ்டரு என்னை ஏற இறங்க மோந்து பாக்காரு சார்! வாசல்ல வச்சு!"

கண்ணைப் பற்றிச் சொன்னேன். கட்டம் போட்ட அட்டையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "எந்தக் கண்ணு?" என்றார்.

"வலது."

"அன்னைக்கே சொன்னேனே சார், மறு கண்ணால பாருங்கன்னு." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கீரையைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அது பகவதி என் கண்ணுக்காகச் சமைத்தது என்று சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது.

"அது எனக்குன்னு அம்மா குடுத்துவிட்டதுன்னுல்லா நினைச்சேன்! எம் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொன்னேன், 'தங்கமான அம்மா, தினம் முட்டையோட கீரை வைக்காங்க, அவங்க வீட்டுல வேலை செய்யக் குடுத்து வச்சிருக்கணும்'னு. உங்க கண்ணுக்கு வச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கை வச்சிருப்பேனா? மனுசன் கண்ணை என்னைத் தின்ன வச்சிட்டீங்களே சார்!"

"தின்னிருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டரே..."

"டாக்டரு ஆயிரம் சொல்லலாம். என் மனசு கேக்கணும்லா!"

தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன்.

"வர மாட்டேன். ரெண்டு தடவை நான் போட்ட நல்ல தரையை என் கையாலேயே உடைக்க வச்சீங்க. மூணாந்தடவை உடைக்க என்னால முடியாது. வேற ஆளைப் பாத்துக்கோங்க." கரண்டியை எடுத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? சொன்ன இடத்துல போய்ச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர் பேரில் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை என்று. வெட்கம் இல்லாமல் அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 24

ஞானதிரவியத்தை ஹாலுக்குக் கூட்டி வந்தேன். வாசற்படியில் நிறுத்திச் சொன்னேன்.

"இந்தத் தரையைப் பேச்சிமுத்து ரெண்டு தடவை நேராப் போட்டாரு. ரெண்டு தடவையும் நான் பெயர்க்கச் சொன்னேன். இது நான் புள்ளி வச்ச கோடு. வேண்டாம்னு சொன்னாரு, நான் கேக்கல. எனக்கு வலது கண்ணு போயிருக்கு. அது தெரியாம அந்த மனுசனைக் கெடுத்துட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார். "கண்ணு விஷயம் வேற" என்றார். "குடிக்கான்னு சொன்னீங்களே. அது?"

வாத்தியார் வாத்தியார்தான். சரியான இடத்தில் பிரம்பை வைத்தார்.

"பொய். அவரு குடிச்சு நான் பாத்ததில்ல. வாசனை கூட வந்ததில்ல. மறு கண்ணால பாருங்கன்னு என்னைச் சொன்னாரு, அந்த ஆத்திரத்துல வாயில வந்தது. உங்ககிட்ட சொன்னப்போ அந்த ஆத்திரம் கூட இல்ல. சும்மா சொன்னேன்."

பகவதி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது நல்லதுக்குத்தான்.

ஞானதிரவியம் என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. போனை எடுத்து அந்த இடத்திலேயே பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். வாத்தியாருக்குக் காது மந்தம், எப்போதும் போன் சத்தமாகத்தான் இருக்கும். கீழ்த்தளம் தூத்துக்குடி ஆட்கள் கையில் போய்விட்டது, மேல் இரண்டு மாடியும் அப்படியே இருக்கிறது, வந்து போட முடியுமா என்று கேட்டார். தரை விஷயம் முழுவதையும் சார் சொல்லிவிட்டார் என்றார்.

போன் துண்டாகிவிட்டதோ என்று ஞானதிரவியம் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

பிறகு பேச்சிமுத்துவின் குரல் வந்தது. "அந்தக் குடி விஷயத்தையும் சார் சொன்னாரா?"

"சொன்னாரு. பொய்யின்னு அவரு வாயாலேயே சொன்னாரு. அந்தம்மா முன்னாலதான் சொன்னாரு."

"அப்படின்னா திங்கக்கிழமை வாரேன் ஐயா" என்றார் பேச்சிமுத்து.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.